யாழை முறிக்க ஓங்கிய கை

இசைவாணன் தன் கலையின்மீது கொள்ளும் பற்று எத்தகையது? அப்பற்று அவனைத் திறனாய்வுக்குச் செவி சாய்க்க விடுகின்றதா? அன்றி, அவன் செவியை அடைத்துவிடுகின்றதா? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர் உளவியல் நூல்களை நாடுவது இயல்பு. ஆயின், இவற்றிற்கு விடையாக அமையத்தக்க ஒரு நிகழ்ச்சி தமிழ் இலக்கியத்திலேயே உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், திருஞானசம்பந்தர் வரலாற்றின் இடையே, தருமபுரம் என்னும் தலத்தில் அது நிகழ்கின்றது. 'யாழ்மூரி' என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே அக்கதை தமிழாசிரியர் பலருக்கும் நினைவிற்கு வரும். சம்பந்தரின் அருட்பாவிற்குச் சான்றாகவே அஃது எங்கும் எடுத்துரைக்கப்படுகின்றது. அதே நிகழ்ச்சியைத் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் பக்கம் நின்று நோக்கினால், அதனுள் ஒரு கலைஞனின் உள்ளம் முழுவதும் விரிந்து கிடப்பதைக் காணலாம்.

தருமபுரத்தில் நடந்தது

யாழ்ப்பாணர் திருஎருக்கத்தம்புலியூரில் பிறந்தவர். தம் துணைவியார் மதங்கசூளாமணியாருடன் தலந்தோறும் சென்று யாழிசைத்தவர். சீகாழியில் சம்பந்தரைக் கண்டபின், அப்பிள்ளையார் பாடும் பதிகங்களை யாழில் இட்டு வாசிப்பதையே தம் வாழ்வாகக் கொண்டார்.

தருமபுரம் யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். அங்கே அவர்தம் சுற்றத்தார் வந்து சூழ்ந்தனர். பிள்ளையாரின் பதிகங்களை வாசிக்கும் பேறு தமக்குக் கிடைத்ததை அவர் மகிழ்ந்து கூறினார். சுற்றத்தார் வேறு விதமாகப் புரிந்துகொண்டனர். அவர் யாழில் இட்டு வாசிப்பதனால்தான் பதிகத்தின் இசை உலகெங்கும் பரவுகின்றது என்று அவரைப் புகழ்ந்தனர். உறவினர் புகழ்ந்தால் உள்ளம் குளிர்வதே உலக இயல்பு. யாழ்ப்பாணரோ அதனைக் கேட்டு நடுங்கினார். உடனே சம்பந்தரை வணங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும் என்றும், அதனால் இவர்களும் உலகத்தாரும் உண்மை உணர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்.

சம்பந்தர் பாடினார். யாழ்ப்பாணர் வாசிக்க முயன்றார். இசை நரம்பில் அடங்கவில்லை. இக்கருவியைத் தொட்டதனால் அன்றோ இந்நிலை நேர்ந்தது என்று வருந்தி, யாழை முறிக்கக் கை ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார். இறைவனின் பெருமை முழுவதும் ஒரு கருவிக்குள் அடங்குமோ என்று தேற்றி, இயன்ற அளவில் வாசித்து வருமாறு பணித்து, அவர் யாழை அவருக்கே அளித்தார். யாழ்ப்பாணரும் அதனைப் பெற்றுக்கொண்டு மீண்டும் வாசிக்கலானார்.

கதை இவ்வளவே. ஆயின், புகழ்ச்சி, சோதனை, தோல்வி, சோர்வு, தேறுதல் என ஒரு கலைஞன் தன் வாழ்நாளில் பலமுறை கடக்கும் படிகள் ஐந்தும் இச்சிறு நிகழ்ச்சிக்குள் அடங்கியுள்ளன.

செருக்கும் சோர்வும் ஒரே வேர்

யாழ்ப்பாணரிடம் செருக்கு இல்லை என்பது வெளிப்படை. புகழ்ச்சியைக் கேட்டு நடுங்கியவர் அவர். சோதனையைத் தாமே வேண்டிப் பெற்றவர் அவர். எனினும் அவர் யாழை முறிக்க முற்பட்டது ஏன்? இவ்விடமே கதையின் நுட்பம்.

பழந்தமிழர் யாழ், நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சுரத்திற்கென இழுத்துக் கட்டப்பெற்ற கருவி. மனிதக் குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லும், நடுங்கும், நெளியும். அந்நெளிவுகள் அனைத்தும் அத்தகைய நரம்பில் எழுதல் அரிது. ஆதலின், அன்று தோற்றது கருவியின் எல்லையே அன்றி, வாசித்தவரின் திறமை அன்று. இதனை அறியாதவர் அல்லர் யாழ்ப்பாணர். ஆயினும் அக்கணத்தில் கருவியின் குறை தம் குறையாகவும், பாட்டில் நேர்ந்த தோல்வி தம் வாழ்வின் தோல்வியாகவும் அவருக்குத் தோன்றிவிட்டது. தாமும் தம் யாழும் ஒன்றே எனக் கருதியமையால் வந்த விளைவு இது.

செருக்குக் கொண்ட கலைஞன், "என் இசையில் குறை இல்லை, குறை கூறுவோர்க்கே இசை தெரியாது" என்பான். சோர்ந்த கலைஞன், "என் இசையில் குறை உண்டு, ஆதலின் நான் எதற்கும் உதவேன்" என்பான். இருவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் இருவரும் தம்மையும் தம் இசையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களே. ஒருவன் யாழை இறுகப் பற்றிக்கொள்கின்றான். மற்றொருவன் அதனை முறிக்கின்றான். வாசிப்பவன் இருவருள் ஒருவனும் இல்லை. சேக்கிழார் காட்டும் மூன்றாம் வழி, யாழைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வாசிப்பது. கலையின்மீது கொண்ட பற்று தன்மீது கொண்ட பற்றினும் மிகும்போதுதான் அவ்வழி திறக்கும்.

தன் குரல் தனக்குக் கேளாது

இசைவாணர்க்கு இப்பிரிவு ஏனைய கலைஞரினும் அரிதாவதற்கு உடலியல் சார்ந்த காரணமும் உண்டு. ஓவியன் தன் ஓவியத்திலிருந்து பத்தடி விலகி நின்று பார்க்கலாம். எழுத்தாளன் தன் கட்டுரையை மூடி வைத்துத் திங்கள் கழித்துப் படிக்கலாம். பாடகன் தன் குரலை விட்டு எங்கே விலகி நிற்பான்? அவன் கருவி அவன் தொண்டை, அவன் மூச்சு.

மேலும், பாடுபவன் தன் குரலைக் காற்றின் வழியாக மட்டும் கேட்பதில்லை. மண்டை ஓட்டு எலும்பின் அதிர்வு வழியாகவும் கேட்கின்றான். அவ்வாறு கேட்கும் குரல், அவையோர் கேட்கும் குரலினும் கனமாகவும் நிறைவாகவும் இருக்கும். ஒலிப்பதிவில் தன் குரலை முதன்முதலாகக் கேட்பவர் "இது என் குரலா?" என்று திகைப்பதன் காரணம் இதுவே. ஆகவே, பாடகன் எவ்வளவு வல்லவனாயினும், அவன் குரலை உள்ளவாறு கேட்கப் பிறர் செவி ஒன்று வேண்டும். திறனாய்வு என்பது இரவலாகக் கிடைக்கும் அச்செவியே. அது கசப்பதும் இதனால்தான். அது தேவைப்படுவதும் இதனால்தான்.

கானல்வரி காட்டும் எச்சரிக்கை

பாட்டையும் பாடுபவரையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை பாடுபவர்க்கே உரியது அன்று, கேட்பவர்க்கும் உரியது. அதற்குச் சான்று சிலப்பதிகாரம்.

பழந்தமிழர் இசையையும் கூத்தையும் மதிப்பீட்டிற்கு உட்பட்ட கலைகளாகவே வளர்த்தனர். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். மாதவி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறினாள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். 'அரங்கேற்றம்' என்ற சொல்லே, அறிந்தோர் அவை ஏற்றுக்கொண்டாலன்றிக் கலை நிறைவெய்தாது என்ற கொள்கையைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வாறு அவையின் மதிப்பீட்டில் தேறிய மாதவி, கடற்கரையில் ஒரே ஒருவனின் தவறான மதிப்பீட்டால் வாழ்விழந்தாள். இந்திர விழாவின் முடிவில் கோவலன் யாழை வாங்கிக் கானல்வரி பாடினான். அப்பாட்டில் வேறொருத்தியைப் பற்றிய குறிப்பு இருப்பதாக மாதவி எண்ணினாள்; தானும் யாழை வாங்கி, வேறொருவனை எண்ணியவள்போலப் பாடினாள். பாட்டின் தலைவியையும் பாடியவளையும் ஒருத்தியெனக் கொண்ட கோவலன் அவளைப் பிரிந்து எழுந்தான். அவன் பாடியதும் கற்பனையே. அவள் பாடியதும் கற்பனையே. தன் பாட்டிற்குத் தான் எடுத்துக்கொண்ட உரிமையை அவள் பாட்டிற்கு அவன் அளிக்கவில்லை. ஊழ்வினை யாழிசை மேல் வைத்து வந்தது என்று காப்பியம் காரணம் காட்டும். ஊழ் ஒருபுறம் நிற்க, ஒரு பாட்டைக் கேட்கும் முறையில் நேர்ந்த பிழை மூன்று குடும்பங்களின் வாழ்வையும் ஒரு மாநகரையும் அழித்தது என்பது திறனாய்வாளர் மறக்கத்தகாத செய்தி. பாட்டைப் பற்றிப் பேச வந்தவர் பாடியவரின் நெஞ்சை ஆராயத் தொடங்கினால், அது திறனாய்வு ஆகாது.

மேலை நாட்டார் மூவர்

தருமபுரத்தில் நிகழ்ந்தது தமிழகத்திற்கோ பக்தி நெறிக்கோ மட்டும் உரியது அன்று. ஐரோப்பிய இசை வரலாற்றிலும் கலைஞர் உள்ளம் அவ்வாறே இயங்கியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசையமைக்கத் தொடங்கிய மூவரை ஈண்டு ஒப்பு நோக்கலாம்.

முதலாமவர் உருசிய நாட்டு ரக்மானினோவ். அவருடைய முதலாம் சிம்பொனி 1897-ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது. போதிய ஒத்திகை இன்றி இசைக்கப்பட்டமையால் அது சிதைந்து ஒலித்தது. சீசர் குயீ என்ற திறனாய்வாளர், நரகத்தில் ஓர் இசைக் கல்லூரி இருக்குமாயின் அங்கு உள்ளோர் மகிழத்தக்க படைப்பு இது என்னும் கருத்துப்பட எழுதினார். அப்போது ரக்மானினோவுக்கு வயது இருபத்து மூன்று. ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவரால் பெரும் படைப்பு எதனையும் இயற்ற இயலவில்லை. பின்னர், நிக்கொலாய் டால் என்ற மருத்துவரின் உதவியால் தேறி, இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை இயற்றி, அதனை அம்மருத்துவருக்கே உரிமையாக்கினார். அது 1901-இல் முழுமையாக அரங்கேறி உலகப் புகழ் பெற்றது. முதலாம் சிம்பொனியோ, 1943-இல் அவர் மறையும்வரை மீண்டும் அரங்கேறவில்லை. 1945-இல்தான் மாஸ்கோவில் மறுபடியும் ஒலித்தது. ஓங்கிய கையைத் தடுப்பார் இன்றி முறிந்த யாழ் அது.

இரண்டாமவர் சைக்கோவ்ஸ்கி. தம் முதலாம் பியானோ கான்செர்ட்டோவை 1874-ஆம் ஆண்டின் இறுதியில், மாஸ்கோ இசைக் கல்லூரித் தலைவர் நிக்கொலாய் ரூபின்ஸ்டைனுக்கு வாசித்துக் காட்டினார். பயனற்றது, வாசிக்க இயலாதது என்று ரூபின்ஸ்டைன் கடிந்தார். ஒரு சுரத்தையும் மாற்றேன் எனச் சூளுரைத்தார் சைக்கோவ்ஸ்கி. 1875-இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஹான்ஸ் ஃபான் பியூலோ அதனை வாசித்து வெற்றி கண்டார். பின்னாளில் ரூபின்ஸ்டைன் தம் கருத்தை மாற்றிக்கொண்டு அதனைத் தாமே வாசித்தார். அதனினும் வியப்புக்குரியது, ஒரு சுரத்தையும் மாற்றேன் என்றவரே பின்னர் இருமுறை அதனைத் திருத்தி, பியானோப் பகுதியைச் செப்பம் செய்தார் என்பது. யாழை இறுகப் பற்றிய கை, காலம் சென்றபின் தானே தளர்ந்தது. கடுஞ்சொல்லோடு வந்த திறனாய்வில் உண்மை ஒரு பகுதி இருந்தாலும், அச்சொல்லின் சூடு தணியும்வரை அவ்வுண்மை செவிக்குள் புகுவதில்லை.

மூன்றாமவர் செருமானியரான பிராம்ஸ். 1862-இல் அவர் ஐந்து நரம்புக் கருவிகளுக்கென ஒரு படைப்பை இயற்றினார். வயலின் மேதையும் நண்பருமான யோவாக்கிம், அதன் ஓசை அமைப்பில் நிறைவு இல்லை என்றார். பிராம்ஸ் அதனை இரண்டு பியானோக்களுக்கென மாற்றி எழுதினார். கிளாரா சூமன் அம்மையார், இதற்கு இரு பியானோக்கள் போதா, வேறு கருவிகளும் வேண்டும் என்றார். 1864-இல் பிராம்ஸ் மீண்டும் அதனை ஒரு பியானோவுக்கும் நான்கு நரம்புக் கருவிகளுக்கும் உரியதாக வடித்தார். இன்று பியானோ குவின்டெட்டு வகையின் சிறந்த படைப்புகளுள் ஒன்றெனப் போற்றப்படுவது அவ்விறுதி வடிவமே. நண்பர் இருவரும் அவர்தம் இசையில் அன்புடையவர்; எங்கே குறை என்பதைச் சுட்டிக் காட்டியவர். பிராம்ஸும் தம் யாழை அவர்கள் கையில் கொடுத்து, திரும்ப வாங்கி, மீண்டும் வாசித்தவர்.

மூவரும் மேதைகளே, பற்றிலும் ஒருவர்க்கொருவர் குறைந்தவர் அல்லர். வேறுபட்டது, அவர்களிடம் திறனாய்வு வந்து சேர்ந்த முறையும் அவர்கள் அதனை ஏற்ற முறையுமே.

குறை கூறுவார் கடமை

ஆகவே, திறனாய்வை ஏற்கும் பண்பு கலைஞனிடம் மட்டும் எதிர்பார்க்கத்தக்கது அன்று. திறனாய்வாளனுக்கும் அதில் பங்கு உண்டு. தமிழ் இதழ்களில் இசைத் திறனாய்வைப் பொதுமக்கள் விரும்பிப் படிக்கும் அளவிற்கு வளர்த்தவர் கல்கி. 1930-களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில், எளிய தமிழிலும் நகைச்சுவையிலும் அவர் எழுதினார். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டிற்கு இடம் வேண்டும் என்று விடாது வற்புறுத்தியவரும் அவரே. பின்வந்தோருள் 'சுப்புடு' எனப்பட்ட பி.வி. சுப்பிரமணியம் (1917-2007) குறிப்பிடத்தக்கவர். பர்மாவில் வளர்ந்து, போர்க்காலத்தில் இந்தியா வந்து, தில்லியில் நெடுங்காலம் எழுதிய அவர் பேனாவிற்கு அஞ்சிய கலைஞரும் உண்டு. அதன் கூர்மையைச் சுவைத்த வாசகரும் உண்டு.

இங்கு ஒரு வினா எழுகின்றது. எள்ளல் மிகுந்த திறனாய்வை வாசகன் சுவைக்கின்றான். அதனால் பாடகன் திருந்துகின்றானா? இருவர்க்கும் ஒரே சொல் பயன்படுவது அரிது. வாசகனை மகிழ்விக்க எழுதிய சொல் பாடகனைக் காயப்படுத்தலாம். பாடகனைப் புண்படுத்தல் ஆகாது என்று எண்ணி எழுதிய சொல் வாசகனை ஏமாற்றலாம். தருமபுரத்தில் சம்பந்தர் இவ்விரண்டையும் தவிர்த்தார். பாட்டின் தரத்தை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. யாழில் அடங்காததைப் பாடியே காட்டினார். அதே வேளையில் வாசித்தவரை இழிவுபடுத்தவும் இல்லை. வயதில் மூத்த அவரை மதிப்புடன் விளித்துத் தேற்றினார். பாட்டில் தளர்வு இல்லை. சொல்லில் கடுமை இல்லை. திறனாய்வாளர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுவதில்லை.

மலேசியச் சூழல்

மலேசியத் தமிழர் சமுதாயத்தில் இச்சிக்கல் தனி வடிவம் கொள்கின்றது. இஃது ஒருவரை ஒருவர் அறிந்த சிறிய சமுதாயம். இன்று மேடையில் பாடியவரை, அடுத்த வாரம் ஒரு திருமணத்தில் எதிரே காண நேரும். ஆதலின், உள்ளதை உள்ளவாறு கூறத் தயங்குவது இயல்பாகின்றது. பாடியவர்க்குப் பொன்னாடை, பேசியவர்க்கு மாலை, அனைவர்க்கும் கைதட்டல் என விழாக்கள் இனிதே நிறைவுறுகின்றன. நல்லெண்ணத்தால் நேர்வதே இது. ஆனால், தருமபுரத்துச் சுற்றத்தாரும் நல்லெண்ணம் உடையவர்களே அல்லரோ? அவர்தம் புகழ்ச்சியைக் கேட்டு யாழ்ப்பாணர் நடுங்கியதன் காரணம், அது பொய் என்பதை அவர் செவி அறிந்திருந்தது. அத்தகைய செவி வாய்க்கப் பெறாத இளைஞனோ, ஊரார் புகழ்ச்சியையே தன் அளவுகோலாகக் கொண்டு அங்கேயே நின்றுவிடுவான்.

இச்செவியை உண்டாக்கும் இடம் பள்ளி. தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் முதன்முதலாகத் தம் குரலைப் பிறர் முன் வைப்பது திருமுறை ஓதும் போட்டிகளிலும் பள்ளிக் கலைவிழாக்களிலுமே. அங்கே பெரும்பாலும் கிடைப்பது மதிப்பெண். மதிப்பெண் திறனாய்வு அன்று. நூற்றுக்கு அறுபத்திரண்டு பெற்ற சிறுமிக்கு, எஞ்சிய முப்பத்தெட்டும் எங்கே போயின என்று எவரும் கூறுவதில்லை. "உன் குரல் பாடத் தகுந்தது அன்று" என்ற ஒரு சொல், ஒரு குழந்தையின் வாயை வாழ்நாள் முழுவதும் மூடிவிடலாம். "மிக நன்று" என்ற வெற்றுச்சொல்லும் அதற்கு எவ்வழியும் காட்டாது. "இரண்டாம் அடியின் முடிவில் சுருதி இறங்கியது, அங்கே மூச்சு போதவில்லை, முதலடியை முடித்தவுடன் மூச்சு வாங்கிக்கொள், இந்தச் சொல்லில் ழகரம் லகரமாகிவிட்டது, மீண்டும் பாடு" என்று கூறுவதே ஆசிரியர் செய்யத்தக்க திறனாய்வு. குறை பாட்டின் ஓரிடத்தில் உள்ளது, பாடுபவரிடத்தில் அன்று என்பதை அச்சொற்கள் ஒரே மூச்சில் கற்பித்துவிடுகின்றன. அவற்றுள்ளும் உயிர்நாடியானது 'மீண்டும் பாடு' என்பது. யாழைக் கையில் திரும்பக் கொடுக்கும் சொல் அது. குறையைக் கூறி அத்துடன் விடுபவர், ஓங்கிய கையைத் தடுக்காமல் நிற்பவரே ஆவார்.

யாழ் முறிந்திருந்தால்

தருமபுரத்தில் யாழ்ப்பாணர் தம் யாழை முறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருமுறை கண்ட புராணம் இதற்கு மறைமுகமாக விடை கூறுகின்றது. நூற்றாண்டுகள் கடந்து, தேவார ஏடுகள் மீட்கப்பட்டபோது, பாடல்கள் கிடைத்தன; அவற்றின் பண்முறை தெரியவில்லை. அதனை அறிந்தார் எவரெனத் தேடியபோது, திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் கிடைத்தாள். அவளைக் கொண்டே தேவாரத்திற்குப் பண் வகுக்கப்பட்டது என்பது அந்நூல் தரும் செய்தி.

யாழ்மூரிப் பதிகத்தை ஓதுவார்கள் இன்று அடாணா இராகத்தில் பாடுகின்றனர். ஒரு கலைஞன் தன்னால் இயலவில்லை என்று ஒப்புக்கொண்ட பாடல், இன்றும் கோயில்தோறும் ஒலிக்கின்றது. அவன் முறிக்காமல் வைத்த யாழின் மரபு, மற்றப் பாடல்களுக்கும் பண் தந்தது. குறையை ஏற்றுக்கொண்டும் கலையைக் கைவிடாதவனே கலையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கின்றான். தமிழ்ப்பள்ளிகளில் இன்று குரல் நடுங்கப் பாடும் சிறுவர் சிறுமியருள் எவர் கையில் அம்மரபு உள்ளது என்பதை எவர் அறிவார்? அவர் செவியைத் திருத்துக. அவர் யாழை முறியாது காக்க.